காத்தாயி அக்காவின் சம்பளத்தில் பதினேழு வீதம்

மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரில், பழக்கடைகளுக்கு மேலே, என் முகத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். யாரைக் கேட்டுத் தொங்கவிட்டார்கள்? அது நான் விண்ணப்பத்தோடு அனுப்பிய படம். கழுத்துவரை பட்டன் பூட்டிய வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, திருதிரு முழி. அந்த முழிக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: ‘தோட்டத்துப் பிள்ளை நிரோஜா, இன்று மாதம் ஒன்றரை இலட்சம் உழைக்கிறார்! அவரால் முடிந்தது, உங்கள் பிள்ளையால் முடியாதா?’

உக்குவளையிலிருந்து வேலைக்கு வந்து பஸ்சை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒன்றரை இலட்சமாம்! என் கைப்பையில் அன்றைக்கு இருந்தது திரும்பிப் போகிற பஸ் காசும் மத்தியானத்துக்குக் கட்டிய ரொட்டியும்தான். பக்கத்தில் நின்ற ஒரு பெண் பேனரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் பேனரைப் பார்த்தாள்.

"இது நீங்கதானே?" என்று சிரித்தாள்.

"இல்ல" என்று கத்திவிட்டு ரோட்டைக் கடந்தேன்.

நடந்ததை ஒழுங்காகவே சொல்கிறேன். ஆத்திரத்தில் முன்னுக்குப் பின் உளறினால் உங்களுக்கும் விளங்காது, எனக்கும் இன்னும் தலைக்கேறும்.

ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது போனில் ஒரு விளம்பரம் வந்தது. கொழும்பில் ஒரு அகடமி, ஒன்லைனில் கோடிங் சொல்லித் தருகிறார்களாம். முன்பணம் ஒரு சதம் வேண்டாமாம். படித்து முடித்து வேலை கிடைத்த பிறகு, மூன்று வருஷத்துக்குச் சம்பளத்தில் நூற்றுக்குப் பதினேழு வீதம் கொடுத்தால் போதுமாம். மாதம் அறுபதாயிரத்துக்குக் கீழே சம்பளம் என்றால் அதுவும் வேண்டாமாம். என் அம்மா சுந்தரம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். அப்பா இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்குமா? அம்மா மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்தார், நான் கையெழுத்து வைத்தேன்.

படிப்பைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் எங்களுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பத்து மாதம் படித்தேன். ஒரு கடைக்கு வெப்சைட் செய்து கொடு என்றால் இன்றைக்கும் செய்து கொடுப்பேன். ஆனால் வேலை? நேர்முகத்தில் எல்லாம் நன்றாகத்தான் போகும். கடைசியில், "நீங்கள் எந்த ஊர், வீட்டில் கனெக்‌ஷன் எப்படி?" என்று கேட்பார்கள். சொல்வேன். "அறிவிக்கிறோம்" என்பார்கள். இன்னும் அறிவித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். நான் மாத்தளை டவுனில் அப்துல் ஸமத் ஹாஜியாரின் புடவைக் கடையில் பில் போடுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அந்தச் சம்பளம் அறுபதாயிரத்தை எட்டிக்கூடப் பார்க்காது. ஆகவே அகடமிக்கு நான் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. மாதா மாதம் வங்கிக் கணக்கின் விவரத்தை மட்டும் அவர்களுக்கு அனுப்பினால் போதும். அனுப்பினேன். ஒரு மாதமும் தவறாமல், பெரிய நேர்மைக்காரி மாதிரி, முழுக் கணக்கையும் அனுப்பினேன்.

இப்போது அந்தக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லய வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுக்குப் போகிற பெண்கள் புருஷன் பெயருக்குக் காசு அனுப்ப மாட்டார்கள். அனுப்பினால் அது எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியும். லயத்தில் படித்த பிள்ளை ஒன்றைப் பார்த்து, அதன் கணக்குக்கு அனுப்புவார்கள். அந்தப் பிள்ளை எடுத்து, வீடு கட்டுகிற மேசனுக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு, புருஷனுக்குக் கைச்செலவுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும். எங்கள் லயத்தில் அந்தப் பிள்ளை நான். அனுப்புகிறவர் சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் இருந்த காத்தாயி அக்கா.

காத்தாயி அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். போய் ஐந்து வருஷம். போன மழைக்கு லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து சுவர் வெடித்ததிலிருந்து அவருக்கு ஒரே நினைப்புத்தான். கீழே ரோட்டோரமாக ஏழு பேர்ச் காணி வாங்கி, சுவர் எழுப்பி, கதவு ஜன்னல்கூட வைத்தாயிற்று. கூரை மட்டும்தான் பாக்கி. சித்திரை வருஷப் பிறப்புக்கு ஊருக்கு வருகிறார்.

"வந்து எறங்குற அன்னிக்கு என் கூரைக்குக் கீழதான்டி படுக்கணும்" என்பார் ஒவ்வொரு தடவையும். "லயத்துக்குள்ள இனி ஒரு ராத்திரியும் படுக்க மாட்டேன். அந்தச் சொவர் எப்ப விழும்னு பாத்துக்கிட்டு என்னால முடியாது. கூரையப் போட்டு வை நிரோஜா. ஒன்ன நம்பித்தான் இருக்கேன்."

அவருடைய புருஷன் இருளாண்டி மாமா கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காசு கையில் இல்லாதபோது தங்கமான மனுஷன். சல்லி கையில் பட்டால் கால் தானாகக் கள்ளுத் தவறணைப் பக்கம் திரும்பும், அவ்வளவுதான்.

தை மாதம் வந்த காசு குறைந்திருந்தது. அனுப்புகிற இடத்தில் ஏதோ பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அக்காவிடம் கேட்டேன். "முழுசாத்தானே அனுப்புனேன்" என்றார். மாசியிலும் அதே குறைவு. கூரைத் தகரத்துக்கு வைத்திருந்த காசு கிட்டத்தட்ட முழுவதும் போயிருந்தது. வங்கிக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். அகடமி எடுத்திருக்கிறது. நான் சேரும்போதே கார்டில் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறேன்.

எதற்கு எடுத்தார்கள் தெரியுமா? என் கணக்கில் குவைத்திலிருந்து மாதா மாதம் காசு வருகிறதாம். ஆகவே நான் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக் கம்பனிக்குக் கோடிங் செய்து சம்பாதிக்கிறேனாம். அதையும் புடவைக் கடைச் சம்பளத்தையும் கூட்டினால் ஒன்றரை இலட்சமாம். அதில் பதினேழு வீதமாம். அட பாவிகளா!

கார்டை அந்த இடத்திலேயே நிறுத்தினேன், அக்காவிடமும் மாமாவிடமும் விஷயத்தைச் சொன்னேன். பிறகு அகடமிக்கு எழுதினேன். ‘உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியமானது’ என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே முக்கியம். கடைசியில் எங்கள் பக்கத்துக்குப் பொறுப்பான யோகேந்திரனின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். றத்தோட்டைப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்த ஆள். நம் ஆள்தானே, சொன்னால் விளங்கும் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, சிஸ்டம் அப்பிடித்தான் எடுத்திருக்கு" என்றார். "வெளிநாட்டுல இருந்து மாசா மாசம் காசு வந்தா யாரும் அப்பிடித்தானே நெனைப்பாங்க?"

"அண்ணே, அது பக்கத்து வீட்டு அக்காவோட சம்பளம். அவங்க அங்க வீட்டு வேல செய்றாங்க."

"அப்ப அத நிரூபிங்க. அவங்க மொதலாளிகிட்ட ஒரு லெட்டர் வாங்கி அனுப்பச் சொல்லுங்க."

"லெட்டரா? அவங்க பாஸ்போர்ட்டையே அந்த மேடம் அலுமாரில பூட்டி வச்சிருக்கா. லெட்டர் குடுன்னு கேட்டா கன்னத்துலதான் குடுப்பா!"

"அதுக்கு நாங்க என்னா செய்ய? அடுத்தவங்க காச நீங்க ஏன் ஒங்க கணக்குல போட்டீங்க?"

இந்தக் கேள்விதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒங்கம்மா எங்க வேல செஞ்சாங்கண்ணே?" என்று கேட்டேன்.

"அது ஏன் ஒங்களுக்கு?"

"சும்மா சொல்லுங்க."

"சவூதில இருந்தாங்க."

"யாரு கணக்குக்குச் சல்லி அனுப்புனாங்க?"

"சித்தி கணக்குக்கு" என்றார். பிறகு, "அது வேற, இது வேற தங்கச்சி" என்று போனை வைத்துவிட்டார். தெரியாதவன் செய்தால் தெரியாமல் செய்தான் என்று விடலாம். இவர் சித்தி கணக்கில் வந்த காசில் சோறு தின்று வளர்ந்தவர்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் பேனர். வருகிற ஞாயிற்றுக்கிழமை டவுனில் ஒரு மண்டபத்தில் புதிய பிள்ளைகளைச் சேர்க்கிறார்களாம். அகடமியின் கணக்குப்படி எங்கள் வகுப்பிலேயே அதிகம் சம்பாதிக்கிறவள் நான். நம்ப முடிகிறதா? பாத்திரம் கழுவுகிற ஒரு பெண்ணின் சம்பளத்தால் நான் வகுப்பில் முதலாவது.

லயத்தில் செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அன்றைக்கு மாலை இருளாண்டி மாமா எங்கள் வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிட்டார்.

"எல்லாரும் வந்து பாருங்க இந்தக் கள்ளிய! என் பொஞ்சாதி சல்லியத் தின்னுபுட்டு, கொம்பனி வெட்டிட்டான்னு கத விடுறா! மாசம் ஒன்ற இலட்சம் உழைக்கிற தொரசாணி!"

அம்மா விளக்குமாற்றோடு வெளியே வந்தார். "யாரப் பாத்துய்யா கள்ளிங்கிற? எம் புள்ள கால் செருப்பப் பாரு. ஊசி போட்டுத் தச்சிருக்கு. ஒன்ற இலட்சம் உழைக்கிறவ போடுற செருப்பா அது?"

மாமா பின்வாங்கினார். ஆனால் பக்கத்துக் காம்பராக்களில் நின்றவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பேனரில் அச்சடித்தது பொய்யாக இருக்குமா என்பதுதான் அந்த முகங்களில் தெரிந்தது. அது எனக்கு மாமாவின் கத்தலைவிட வலித்தது.

யாரோ அந்தப் பேனரைப் படம் பிடித்துக் குவைத்துக்கும் அனுப்பியிருந்தார்கள். காத்தாயி அக்காவின் குரல் பதிவு ஒன்று வந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தாலும் பரவாயில்லை. "பாத்தேன் நிரோஜா. நல்லா இருக்க. சந்தோசம். அவ்வளவு உழைக்கிற புள்ளைக்கு என் சல்லி எதுக்குன்னுதான் வெளங்கல." அவ்வளவுதான். நான் திருப்பி எடுத்த எந்த அழைப்பையும் அவர் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். வாசலில் யோகேந்திரன் டை கட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்து, உடனே சிரித்து, கையைப் பிடிக்காத குறையாகப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார். சோடா உடைத்துக் கொடுத்தார்.

"தங்கச்சி, கோவம் நியாயந்தான். நான் மேல பேசிட்டேன்" என்றார். "இன்னிக்கு மேடைல ஏறி அஞ்சு நிமிசம் நல்ல விதமாப் பேசுங்க. இந்தப் படிப்பு நல்ல படிப்பு, எனக்கு நல்லது நடந்துச்சுன்னு ரெண்டு வார்த்த. எடுத்த காச இந்தக் கெழமையே ஒங்க கணக்குல திருப்பிப் போடுவாங்க. முழுசா. இனிமே வெட்டவும் மாட்டாங்க."

"நெசமாவா?"

"நான் பொறுப்பு."

பொய் சொல்லத்தான் மேடை ஏறினேன். இதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. காசு திரும்பி வந்தால் தகரம் வாங்கலாம், சித்திரைக்கு முன்னால் கூரை ஏறிவிடும், அக்கா பழையபடி என்னோடு பேசுவார். அதற்காக ஐந்து நிமிஷம் பல்லை இளிக்க மாட்டேனா? இளிப்பேன். ஊரில் எத்தனையோ பேர் இதைவிடச் சின்னக் காரியத்துக்கெல்லாம் இளிக்கிறார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. அம்மாமார் கோவிலுக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தார்கள். பிள்ளைகள் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் எங்கள் தோட்டத்துக் கீழ்ப் பிரிவு அழகமுத்து அண்ணன் தன் மகள் நிரஞ்சனியோடு உட்கார்ந்திருந்தார். யோகேந்திரன் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம தோட்டத்துப் பிள்ளை! இங்க உக்குவளைல இருந்துக்கிட்டே குவைத்துல இருக்குற வாடிக்கையாளருக்கு வேல செய்றாங்க! மாசா மாசம் அந்த வாடிக்கையாளர் தவறாமச் சம்பளம் அனுப்புறாங்க!"

கைதட்டினார்கள். காத்தாயி அக்கா எனக்கு வாடிக்கையாளராம். எல்லாம் தெரிந்த பிறகும், தன் தாயும் சவூதியில் இருந்தவள் என்று என்னிடமே சொன்ன பிறகும், அதே வாயால் இதைச் சொல்கிறார். நான் தயார் பண்ணி வைத்திருந்த இளிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. மைக்கை வாங்கினேன்.

"எல்லாருக்கும் வணக்கங்க. குவைத்துல இருக்குறது எனக்கு வாடிக்கையாளர் இல்ல. எங்க லயத்து அக்கா. அங்க ஒரு வீட்டுல பாத்திரம் கழுவுறாங்க, கக்கூசு கழுவுறாங்க. புருசன் கைல குடுத்தா நிக்காதுன்னு சம்பளத்த என் கணக்குக்கு அனுப்புறாங்க. அதத்தான் இவங்க என் சம்பளம்னு சொல்லிப் பதினேழு வீதம் வெட்டிக்கிட்டாங்க. அந்த அக்காவுக்கு இவங்க ஒரு எழுத்துச் சொல்லிக் குடுத்தாங்களா? நான் புடவக் கடைல பில் போடுறேன். ஒன்ற இலட்சம் பச்சப் பொய்!"

மைக் செத்தது. நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டுமே! மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற அம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை இது. "இங்க யாரோட அம்மா, சித்தி, அத்த வெளிநாட்டுல இருக்காங்க? கைய ஒசத்துங்க!" என்றேன். பாதி மண்டபம் கையை உயர்த்தியது. "அவங்க யாரு கணக்குக்குச் சல்லி அனுப்புறாங்கன்னு யோசிச்சுப் பாத்துட்டு அப்புறமாக் கையெழுத்து வைங்க. அவ்வளவுதான்."

சலசலவென்று எழுந்தார்கள். நிறையப் பேர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள். ஒருவர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். எல்லாரும் போகவில்லை. அழகமுத்து அண்ணன் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, நான் இவ்வளவு சொல்லியும் ஏன் நிக்கிறீங்க?"

"நீ சொன்னது வெளங்கிச்சு புள்ள" என்றார் பொறுமையாக. "எங்க வீட்டுக்கு வெளிநாட்டுச் சல்லி வராது. வெட்டுறதுக்கு என்ன இருக்கு? ஓசில படிக்கட்டுமே."

நிரஞ்சனி கையெழுத்து வைத்தாள். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அந்தப் பிள்ளைக்கு வேறு வழி ஒன்றை நான் காட்டினேனா என்ன?

வாசலில் யோகேந்திரன் டையைத் தளர்த்திக்கொண்டு நின்றார். "ஒங்க வாயாலயே கெடுத்துக்கிட்டீங்க தங்கச்சி" என்றார். "இனி ஒரு சதம் வராது. நிறுத்துன கார்டுக்கும் சேத்துப் பாக்கி கேப்பாங்க."

"வரட்டும், கேக்கட்டும்" என்றேன். "ஒங்க அம்மாகிட்ட இன்னிக்கு மேடைல பேசினத அப்படியே போட்டுக் காட்டுங்க."

வெள்ளிக்கிழமைகளில்தான் காத்தாயி அக்காவுக்குப் போன் கிடைக்கும். அந்த வெள்ளிக்கிழமை அவரே என்னைக் கூப்பிட்டார். மண்டபத்தில் நடந்ததைப் பெருமையாகத்தான் சொன்னேன். நான் பேசியது, மைக்கை நிறுத்தியது, பாதிப் பேர் எழுந்து போனது.

"இப்பவாச்சும் நம்புறீங்களாக்கா?" என்றேன்.

"நம்புறேன். அந்த ஆளு காச திருப்பித் தர்றேன்னு சொன்னானா?"

"சொன்னாரு."

"நீ ரெண்டு வார்த்த நல்லாப் பேசியிருந்தா வந்திருக்குமா?"

"வந்திருக்கும்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப ஏன்டி பேசல?"

"எப்பிடிக்கா பேசுறது? ஒங்கள வாடிக்கையாளர்னு சொன்னான்க்கா. முன்னால அவ்வளவு பிள்ளைங்க உக்காந்திருந்துச்சுங்க..."

"என்ன வாடிக்கையாளர்னு சொல்லட்டும், எரும மாடுன்னுகூடச் சொல்லட்டும். இங்க தெனமும் அதுக்கு மேலதான் கேக்குறேன். ஊரான் பிள்ளைங்களக் காப்பாத்துறதுன்னா நல்ல காரியந்தான். அத ஒன் சல்லில செஞ்சிருக்கணும் நிரோஜா. என் கூரைய வச்சு நீ நியாயம் பேசியிருக்க."

பின்னால் யாரோ அரபியில் அதட்டினார்கள். போன் அறுந்தது. நான் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று, அகடமியை, யோகேந்திரனை, அக்காவை, என்னை, எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்த பிறகும் அக்கா சொன்னது சரியாகவேதான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

பங்குனிச் சம்பளம் என் கணக்குக்கு வரவில்லை. இருளாண்டி மாமா பேரில் கணக்குத் திறக்கச் சொல்லி அக்கா அதற்கு அனுப்பிவிட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு சனிக்கிழமை மாமாவே வந்தார். வாசலில் நின்று என்னைக் கள்ளி என்ற அதே மனுஷன், புதுக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிந்தார்.

"நிரோஜா, இந்த மிசின்ல எப்பிடி எடுக்குறதுன்னு எனக்குத் தெரியல. அவசரமா வேணும். கொஞ்சம் வந்து எடுத்துக் குடு தாயி."

"எதுக்கு மாமா அவசரம்? தகரம் வாங்கவா?"

"தகரம் பொறவு பாக்கலாம். மழைக்கு இன்னும் நாள் கெடக்கு. ரெண்டு மூணு எடத்துல கடன் இருக்கு."

அந்தக் கடன் எந்த இடத்தில் என்று உக்குவளையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வர மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் அவர் வேறு யாரையாவது கூட்டிப் போயிருப்பார். செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தேன்.

கடைத்தெரு சனிக்கிழமைச் சனத்தால் நிறைந்திருந்தது. மிஷினுக்கு முன்னால் இரகசிய நம்பரை அவரே உறையிலிருந்து எடுத்துத் தந்தார். "இருக்குறது எல்லாத்தையும் எடு" என்றார். எடுத்தேன். மிஷின் தருகிற அளவு முடிகிறமட்டும் எடுத்தேன். கார்டை அவர் சட்டைப் பையில் வைத்தேன். காசை என் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

கொஞ்ச தூரம்வரை அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் தெருவே அதிர்கிற மாதிரிக் கத்தினார்.

"கள்ளி! என் சல்லியக் கொண்டு போறா! பிடிங்கடா!" எல்லாருக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்திலும் கத்தினார். "ஹொரி! ஹொரி!"

கடைகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். த்ரீவீலர்க்காரர்கள் இறங்கி நின்றார்கள். எங்கள் தோட்டத்து ஆட்கள் நான்கைந்து பேர் மீன்காரனிடம் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒருவன் கையை நீட்டி வழியை மறித்தான். "தள்ளு" என்றேன். என் முகத்தில் எதைக் கண்டானோ, தள்ளினான். ஓடவில்லை நான். ஓடினால் கள்ளி என்றே ஆகிவிடும். நடந்தேன். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் இது தோட்டம் முழுக்கப் போகும். அம்மா காதுக்குப் போகும். ஹாஜியார் காதுக்கும் போய் என் வேலையும் போகலாம். போகட்டும். இந்தத் தடவை போவது அக்காவின் காசு இல்லை.

ஜுனைதீன் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குள் ஏறினேன். பின்னாலேயே கூட்டமும் வந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு இருளாண்டி மாமா வாசலில் வந்து நின்றார்.

"என்ன புள்ள இது? இந்த மனுசன் ஏன் கூப்பாடு போடுறாரு?" என்றார் நானா.

கைப்பையைத் திறந்து காசுக் கட்டை அவர் மேசையில் வைத்தேன்.

"கூரைக்குத் தகரம் வேணும் நானா. ரோட்டோரத்து அரகொற வீடு, ஒங்களுக்குத் தெரியும். ஆணி, வாஷர் எல்லாம் சேத்துப் போடுங்க. இன்னிக்கே ஏத்தணும்."

"அது என் சல்லி!" என்று மாமா கதவைத் தட்டினார். "என் பேர்ல வந்த சல்லி!"

நானா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பில் புத்தகத்தை இழுத்துப் பேனையைத் திறந்தார். "சல்லி யாருட சல்லியோ எனக்குத் தெரியா. பில்ல யாருட பேருக்குப் போட?"

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் கேட்கட்டும் என்று மலைக்கு அந்தப் பக்கம் கூப்பிடுகிற அதே தொண்டையில் சொன்னேன்.

"காத்தாயி."